வெயிட் தூக்கினால் பிளவுஸ் கை இறுக்குமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவு: வயது 31, உயரம் 157 செ.மீ., எடை 68 கிலோ. மதுரை கே.கே. நகர்ப் பக்கம் ஒரு ஜிம்மில் போன வாரம் சேர்ந்திருக்கிறீர்கள். இரண்டு நாள் டிரெட்மில்லில் நடக்க வைத்த பயிற்சியாளர் மூன்றாம் நாள் கையில் டம்பெல்லைக் கொடுத்துவிட்டார். வீட்டில் நாத்தனார், "அதையெல்லாம் தூக்காதீங்க மதினி, தோளும் கையும் ஆம்பளையாட்டம் ஆயிரும்" என்கிறார். ஏற்கெனவே பிளவுஸ் கை இறுக்குகிறது, இன்னும் பெருத்தால் என்ன செய்வது, நடந்தால் மட்டும் போதாதா என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்விக்குள் இருப்பது வேறொரு பயம் என்று நினைக்கிறேன்: எனக்கே தெரியாமல் உடம்பு ஓர் எல்லையைத் தாண்டிவிடுமா, தாண்டினால் திரும்பி வர முடியுமா?

தெரியாமல் தாண்டாது. தாண்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு உழைக்கிறவர்களுக்கே வருடக்கணக்கில் ஆகிறது. ஆனால் முதல் ஆறு வாரத்தில் உடம்பு பெருத்த மாதிரி நிஜமாகவே தோன்றும், எடை மெஷினும் அதற்குச் சாட்சி சொல்லும். பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் என்ற முறையில் நான் பார்த்தவரை, வெயிட்டைக் கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஆறு வாரத்துக்குள்தான் கைவிடுகிறார்கள். அதனால் அந்தப் பகுதியைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதது. தசை வளர்ச்சியில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. வயது வந்த ஆணின் ரத்தத்தில் அது ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 300 முதல் 1000 நானோகிராம். பெண்ணுக்கு 15 முதல் 70. லேபுக்கு லேப் இந்த எல்லைகள் கொஞ்சம் மாறினாலும் வித்தியாசம் பெரியது. பல ஜிம்களில் இதோடு நிறுத்திக்கொண்டு, "அதனால பொண்ணுங்களுக்கு மசில் வளரவே வளராது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது சரியில்லை. வளரும். ஒரே மாதிரிப் பயிற்சி கொடுத்து, ஏற்கெனவே இருக்கும் தசையில் எத்தனை சதவீதம் கூடியது என்று பார்த்தால் பெண்ணுக்கும் ஆணுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். வித்தியாசம் ஆரம்ப இருப்பில் இருக்கிறது. பருவ வயதிலேயே ஆணுக்கு மேலுடம்பில் தசை கூடிவிடுகிறது. பெண்ணின் மேலுடல் தசை சராசரியாக அதைவிட 40 சதவீதம் அளவுக்குக் குறைவு. சின்ன முதலுக்கு அதே வட்டி விகிதம் போட்டால் வருகிற வட்டியும் சின்னதுதான்.

எவ்வளவு சின்னது? முறையாகப் பயிற்சி செய்து, புரதமும் தூக்கமும் சரியாக இருக்கிற ஒரு புதியவருக்கு, முதல் சில மாதங்களில் மாதம் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை தசை கூடினால் அது நல்ல முன்னேற்றம். பிறகு வேகம் குறையும். ஒரு வருடத்தில் இரண்டு மூன்று கிலோ வந்தால் உழைத்துச் சம்பாதித்ததுதான். அதுவும் மொத்தமாகக் கையில் போய் உட்காராது. உடம்பின் பெரிய தசைகள் பின்புறத்திலும் தொடையிலும் இருப்பதால் பெரிய பங்கு அங்கே போகும், மிச்சம்தான் முதுகுக்கும் தோளுக்கும் கைக்கும். ஒரு கிலோ தசை ஒரு கிலோ கொழுப்பைவிட இடமும் கொஞ்சம் குறைவாகத்தான் அடைக்கும். பாதிதான் அடைக்கும் என்று காட்டும் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அது மிகை. கணக்குப் பார்த்தால் வித்தியாசம் 15 சதவீதம் போலத்தான்.

பலமும் பருமனும் ஒன்றாகவே ஏறும் என்று நினைக்க வேண்டாம். பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியது 49 கிலோ பிரிவில். ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்சில் 87 கிலோ, தோளில் நிறுத்தித் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 115 கிலோ, மொத்தம் 202. தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தலைக்கு மேலே தூக்கியவர் 49 கிலோவுக்குள்தான் இருந்தார். அவருடைய தோளும் தொடையும் திரண்டிருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை; அது சிறு வயதிலிருந்து தேசிய முகாம்களில் செய்த முழுநேர வேலை. உங்கள் விஷயத்தில் முதல் ஒன்றரை இரண்டு மாதத்தில் தூக்கும் எடை மளமளவென ஏறும். 3 கிலோ கனமாக இருந்த இடத்தில் 6 கிலோ லேசாக இருக்கும். அதைப் பார்த்து "இவ்வளவு வேகமாவா வளருது" என்று பயப்பட வேண்டாம். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருவது: இருக்கிற தசை இழைகளில் இன்னும் அதிகமானவற்றை, இன்னும் ஒழுங்காக வேலைக்கு அழைக்கக் கற்றுக்கொள்கிறது.

இந்த இடத்தில் நம் ஊரில் ஓர் உதாரணம் சொல்வார்கள்: கட்டட வேலையில் சித்தாளாக இருக்கும் பெண்கள் வாழ்நாள் முழுக்கக் கலவைச் சட்டி சுமக்கிறார்களே, அவர்கள் என்ன ஆண்கள் மாதிரியா ஆகிவிட்டார்கள்? பாதி சரி, பாதி தவறு. சுமை வருடக்கணக்கில் ஒரே அளவு, சாப்பாட்டில் புரதம் குறைவு, ஓய்வு குறைவு; தசை வளர்வதற்கான நிலைமையே அங்கே இல்லை. ஆகவே அதை நிரூபணமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். வேறொரு விஷயத்துக்கு உங்கள் வீட்டுச் சுமைகளே போதும். தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 கிலோ. கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோவைத் தொடும். இதையெல்லாம் இடுப்பிலும் கையிலும் தூக்கி நகர்த்தும்போது யாரும் "ஆம்பளையாட்டம் ஆயிரும்" என்று சொன்னதில்லை. மூன்று கிலோ டம்பெல்லுக்குத்தான் சொல்கிறார்கள்.

போனில் வரும் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெண் பாடிபில்டர்களின் மேடைப் படங்கள் பல வருடப் பயிற்சிக்கும், பல மாத உணவுக் கட்டுப்பாட்டுக்கும், உடம்பில் கொழுப்பைக் கடைசிவரை குறைத்ததற்கும் பிறகு, மேக்கப்போடும் விளக்கோடும் எடுத்தவை. அவர்களே மற்ற மாதங்களில் அப்படி இருக்க மாட்டார்கள். எல்லோரும் அல்ல, ஆனால் அந்த அளவு பருமனுக்குப் போகிறவர்களில் சிலர் அனபாலிக் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். ஸ்டீராய்டு பெண் உடம்பில் தசையோடு நிற்காது. குரல் தடிக்கும், முகத்தில் முடி வளரும், மாதவிடாய் தப்பும். தடித்த குரல் மருந்தை நிறுத்தினாலும் பெரும்பாலும் பழையபடி ஆகாது. இரும்பைத் தூக்குவதால் மட்டும் இவை வராது, இங்கே மருந்துதான் காரணம். ஆகவே ஜிம்மில் யாராவது லேபிள் இல்லாத டப்பாவையோ, "பொண்ணுங்களுக்கு லேசான டோஸ்" என்று மாத்திரையையோ ஊசியையோ நீட்டினால் அந்த ஜிம்மையே மாற்றுங்கள். மாஸ் கெய்னர் என்று விற்கும் பவுடரும் உங்களுக்குத் தேவையில்லை. அதில் பெரும்பகுதி மாவுச்சத்து, சில பிராண்டுகளில் ஒரு வேளைக்கே 1000 கலோரிக்கு மேல். வே புரோட்டீன் வேறு, அது வெறும் பால் புரதம். வேண்டுமென்றால் எடுக்கலாம், எடுக்காவிட்டாலும் குறையில்லை.

இனி அந்த ஆறு வாரம். பயிற்சி முடிந்து கண்ணாடியைப் பார்த்தால் கை உருண்டு, தோல் இறுகித் தெரியும். வேலை செய்த தசைக்குள் ரத்தமும் நீரும் கூடியதால் வந்த வீக்கம் அது, ஜிம்காரர்கள் பம்ப் என்பார்கள். ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். இரண்டாவது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும் வலி. பழக்கமில்லாத தசையில் ஏற்படும் நுண்ணிய சேதத்தைச் சரிசெய்ய உடம்பு அங்கே நீரைத் தேக்குகிறது. 24 முதல் 72 மணி நேரம் வரை உச்சத்தில் இருக்கும், தொடையைத் தொட்டாலே கல் மாதிரி இருக்கும். மூன்றாவதுதான் நீண்ட நாள் நிற்பது. பயிற்சி பெறும் தசை கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பைக் கூட்டிக்கொள்ளும். ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு மூன்று கிராம் போல நீரைப் பிடித்து வைக்கும். இதெல்லாம் சேர்ந்து முதல் மாதத்தில் எடை ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ கூடக் காட்டும். இதற்கு நடுவில் மாதவிடாய்க்கு முந்தைய வாரமும் வந்தால் அதன் நீர் வேறு. கிரியேட்டின் என்ற சப்ளிமென்ட் எடுத்தால் அதுவும் தசைக்குள் நீரைக் கூட்டும். சொல்லப்போனால் இந்தக் கட்டத்தில் "கூடிவிட்டது" என்று நீங்கள் பார்ப்பதில் தசை மிகக் கொஞ்சம், பெரும்பாலும் தண்ணீர்.

ஆகவே அளப்பதை ஒழுங்காகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அளக்கவே வேண்டாம். தையல்காரர் டேப் ஒன்று போதும். வாரத்தில் ஒரே நாள், காலையில், பாத்ரூம் போய்வந்து, சாப்பிடும் முன், முந்தைய நாள் பயிற்சி இல்லாதபோது அளக்க வேண்டும். கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு, தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு மச்சத்தையோ மை வைத்த புள்ளியையோ அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பைத் தொப்புள் மட்டத்திலும், தொடையை முழங்கால் சில்லுக்கு மேல் 15 செ.மீ. உயரத்திலும் எடுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. பயிற்சி முடிந்த கையோடு அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. எடையை இந்த வாரத்தோடு போன வாரத்தை ஒப்பிடாமல், போன மாதம் மாதவிடாய் முடிந்த மூன்றாம் நாளோடு இந்த மாதம் அதே நாளை ஒப்பிடுங்கள். முதல் ஆறு வார எண்களை எழுதி மட்டும் வையுங்கள், முடிவு எதுவும் எடுக்காதீர்கள்.

பிளவுஸ் கதையையும் நேராகவே சொல்கிறேன். நம் பிளவுஸ் கை உடம்பை ஒட்டித் தைப்பது. ஒரு சென்டிமீட்டர் கூடினாலே தெரிந்துவிடும். சுடிதாரில் தெரியாத மாற்றம் அதில் தெரியும். முதல் இரண்டு மூன்று மாதம், கொழுப்பு இன்னும் குறையாமல் தசை கொஞ்சம் கூடியிருக்கும் இடைக்காலத்தில், இறுக்கம் வரலாம். வராது என்று யாராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம். உங்கள் மேற்கையின் சுற்றளவில் பெரும்பங்கு தோலுக்கடியிலுள்ள கொழுப்பாக இருந்தால் (68 கிலோவில் அதற்கே வாய்ப்பு அதிகம்), சாப்பாடும் கட்டுக்குள் இருக்கும்போது ஆறு மாதத்தில் சுற்றளவு முதலில் இருந்ததைவிடக் குறையும். இந்த ஆறு மாதத்தில் தைக்கக் கொடுக்கும் பிளவுஸுக்குக் கைப் பகுதியின் தையலில் உள்ளே கூடுதலாகத் துணி விடச் சொல்லுங்கள். பிரித்துவிடவும் பிடித்துத் தைக்கவும் வசதி.

"ஜிம்முக்குப் போய் உடம்பு பெருத்துப்போச்சு" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது தசை வளர்ச்சி அல்ல, சாப்பாடு கூடியது. புதிதாக உடற்பயிற்சி ஆரம்பித்தால் சிலருக்குப் பசி நன்றாகவே கூடும். போதாததற்கு "இவ்வளவு உழைச்சிருக்கோமே" என்ற கணக்கு வேறு. உங்கள் எடைக்கு முக்கால் மணி நேர வெயிட் பயிற்சியில் செலவாவது 200 கலோரி சொச்சம்தான். சால்னாவோடு இரண்டு பரோட்டா அதைப் போல மூன்று மடங்கு. வீடு திரும்பும் வழியில் ஒரு ஜிகர்தண்டா குடித்தால் அன்றைய வேலை அதோடு சரி. தசை கொஞ்சம் கூடி, அதன்மேல் இருக்கும் கொழுப்பு குறையாமல் அதுவும் கூடினால் கை நிச்சயம் தடிமனாகத்தான் தெரியும். பயிற்சியைக் குறை சொல்லிப் பயனில்லை.

நடந்தால் மட்டும் போதாதா? ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் வெள்ளன எழுந்து நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நல்லது, அதை விடாதீர்கள். ஆனால் சாப்பாட்டைக் குறைத்து நடை மட்டும் நடந்து எடையை இறக்கினால், இறங்கும் எடையில் ஏறக்குறைய கால்வாசி வரை கொழுப்பல்லாத பகுதியாக, அதாவது தசையும் சேர்ந்து, போகக்கூடும். எடை குறைந்தும் கை தொளதொளவென்று தொங்குவது இப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. எலும்புக்கும் இதுவே. முப்பது வயதை ஒட்டி எலும்பின் அடர்த்தி உச்சத்துக்கு வந்துவிடும், மாதவிடாய் நின்றபின் வேகமாகக் குறையும். நடையைவிடச் சுமை தூக்குவதே எலும்புக்கு வலுவான தூண்டுதல்.

இன்னொரு சமாதானம் சொல்வார்கள்: "லேடீஸ்னா ஒரு கிலோ டம்பெல்லை அம்பது தடவை ஆட்டுங்க, பெருக்காம ஷேப் மட்டும் வரும்." இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐந்து தடவை தூக்கும் கனமோ முப்பது தடவை தூக்கும் கனமோ, இனி முடியாது என்ற நிலையை நெருங்கும்வரை செய்தால் தசை கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வளரும். நெருங்காமல் சும்மா ஆட்டினால் இரண்டிலும் வளராது. ஆகவே அந்த ஐம்பது தடவை ஒன்று நேர விரயம், அல்லது கனமான எடையைப் போலவே வளர்க்கும். நடுவில் மூன்றாவது வகை இல்லை.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு. திங்கள், புதன், சனி என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட நடை, பிறகு எடையில்லாமல் பத்து ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), கைகளைச் சுழற்றல். முதல் பயிற்சி நெஞ்சோடு ஒரு 4 அல்லது 5 கிலோ டம்பெல்லைப் பிடித்து, பின்னால் ஒரு பெஞ்ச் போட்டு, அதில் உட்கார்ந்து எழுவது. அடுத்தது இரு கையிலும் டம்பெல், முழங்கால் லேசாக மடங்கியபடி, இடுப்பைப் பின்னால் தள்ளி முழங்காலுக்குக் கீழ்வரை இறக்கி எழும் ரொமானியன் டெட்லிஃப்ட். தொடையின் பின்பக்கம் இழுக்க வேண்டும், முதுகு இழுக்கக் கூடாது. பிறகு மெஷினில் தலைக்கு மேலிருக்கும் கம்பியைக் கீழே இழுக்கும் லேட் புல்டவுன், இருப்பதில் குறைந்த பிளேட்டில். அதற்குப் பிறகு பெஞ்சில் கை ஊன்றிப் புஷ்-அப், அது முடியாவிட்டால் சுவரில். கடைசியில் உட்கார்ந்து கேபிளை இழுக்கும் ரோவும், முழங்கையும் கால் விரலும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்தும் 20 நொடி பிளாங்க்கும். முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றும் இரண்டு செட், அதாவது இரண்டு சுற்று, சுற்றுக்குப் பத்துத் தடவை. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று செட், 8 முதல் 12 வரை. செட்டுகளுக்கு நடுவில் ஒன்றரை இரண்டு நிமிடம் உட்காருங்கள், போனோடு பத்து நிமிடம் அல்ல. ஒவ்வொரு செட்டையும் இன்னும் இரண்டு மூன்று தடவை தூக்கலாம் என்ற தெம்பு மிச்சம் இருக்கும்போது நிறுத்துங்கள். மூன்று செட்டிலும் 12 சுலபமாக வந்துவிட்டால் அடுத்த தடவை பைய ஏற்றுங்கள்: கைக்கு ஒன்றிலிருந்து இரண்டரை கிலோ, காலுக்கு இரண்டரையிலிருந்து ஐந்து. பார்பெல்லுக்கு (இரு முனையிலும் எடை மாட்டும் நீளக் கம்பி) போகும் முன் வெறும் கம்பியின் எடையைக் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டித் தரத்தில் ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15, உள்ளூர் ஜிம்மின் சிறிய கம்பிகள் இன்னும் குறைவாகவே இருக்கும். நோட்டில் எழுதுங்கள். எழுதாதவர்கள் ஆறு மாதம் கழித்தும் அதே மூன்று கிலோவில்தான் நிற்பார்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. ஸ்குவாட்டில் முழங்கால் இரண்டும் உள்ளே சாய்வது. கால் விரலின் திசையிலேயே முழங்கால் போக வேண்டும். குதிகால் தூக்கினால் நிற்கும் அகலத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். மெத்தென்ற ஓட்ட ஷூவைவிடத் தட்டையான அடி உள்ள ஷூ நல்லது. லேட் புல்டவுனைக் கழுத்துக்குப் பின்னால் இழுக்காமல் நெஞ்சுக்கு மேல்பக்கம் இழுங்கள். மேலுடல் பயிற்சி எதிலும் தோளைக் காதுவரை தூக்கிக்கொள்ளும் பழக்கம் பெண்களிடம் அதிகம் பார்க்கிறேன். எல்லா வேலையும் கழுத்தோரத் தசைக்குப் போய், கழுத்து வலி, தலைவலி, அந்த இடமே தடித்த உணர்வு. ஒவ்வொரு செட்டுக்கும் முன் தோளை ஒரு முறை கீழே இறக்கி வையுங்கள். தூக்கும்போது மூச்சை விடுங்கள், அடக்க வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். துப்பட்டாவோடு டிரெட்மில் பக்கமும் கேபிள் பக்கமும் போகாதீர்கள்.

இப்போது உங்கள் உள்ளே இருந்த கேள்விக்கு. நான்கைந்து மாதம் கழித்து, சரியாக அளந்தும், ஓர் இடம் நீங்கள் விரும்பியதைவிட வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். செய்ய வேண்டியது சுலபம். ஒரு தசைக்கு வாரத்துக்குப் பத்துக்கு மேல் கடினமான செட் கொடுத்தால் வளர்ச்சி வேகமாக இருக்கும். நான்கைந்து கொடுத்தால் மெதுவாக. மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் இருப்பது அப்படியே நிற்கும். தொடை போதும் என்று பட்டால் லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன் என்ற தொடை மெஷின்களைச் சேர்த்திருந்தால் எடுத்துவிட்டு ஸ்குவாட்டை இரண்டு செட்டில் நிறுத்துங்கள், பின்புறப் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தோரம் என்றால் எடையோடு தோளைக் குலுக்கும் ஷ்ரக்கும், எடையைக் கழுத்துப் பக்கம் மேலே இழுக்கும் அப்ரைட் ரோவும் வேண்டாம். முழுதாக நிறுத்தினால் தசை கொழுப்பாக மாறிவிடும் என்பது பொய்; இரண்டும் வேறு வேறு திசு, ஒன்று மற்றொன்றாக மாறாது. நிறுத்தியபின் தசை மெல்ல வற்றும், சாப்பாடு பழைய அளவிலேயே இருந்தால் கொழுப்பு தனியாக ஏறும். இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பதால் மாறியது போலத் தோன்றுகிறது. கல்யாணம், திருவிழா, ஊருக்குப் போனது என்று இரண்டு வாரம் விட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

சாப்பாட்டில் புரதத்தை மட்டும் கணக்குப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், வெயிட் பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 1.6 வரை போகலாம். உங்களுக்கு 80 முதல் 90 கிராம் என்று வைத்துக்கொண்டால் போதும். இட்லி சாம்பாரோடு இரண்டு முட்டை சேர்ந்தால் 20 கிராம். மதியம் சோற்றைக் குறைத்து, கூட்டோடு 100 கிராம் கோழியோ மீனோ இருந்தால் 30 பக்கம் வரும். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 12. இரவு சப்பாத்தியோடு பருப்பு, ஒரு கிண்ணம் தயிர் 18, 20. சைவம் என்றால் உலர்ந்த சோயா 30 கிராம், 50 கிராம் பனீர் மாதிரி ஒன்றை மதியம் நுழைக்க வேண்டும். சாம்பாரை மட்டும் நம்பினால் எட்டாது.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. ஒரே பயிற்சிக்கு ஒருவருக்கு நிறைய வளர்வதும் இன்னொருவருக்கு ஒன்றுமே தெரியாததும் உண்டு; இதில் பரம்பரைக்குப் பங்கு இருக்கிறது, உங்கள் உடம்பு எந்தப் பக்கம் என்பது மூன்று மாதம் செய்தால்தான் தெரியும். பிசிஓடி (கருப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு ஆண் ஹார்மோன் சற்றுக் கூடுதலாக இருப்பதால் தசையும் வேகமாக வருமா என்பதற்கு ஒருமித்த விடை இல்லை. அந்தக் கூடுதலும் ஆணின் அளவை எட்டுவதில்லை. ஆனால் வெயிட் பயிற்சி அவர்களுடைய இன்சுலின் பிரச்சினைக்கு உதவும், ஆகவே பயந்து விலக வேண்டியவர்கள் அவர்கள் அல்ல. மாதவிடாய்ச் சுழற்சியின் வாரத்துக்கு ஏற்பப் பயிற்சியை மாற்ற வேண்டும் என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள்; அதற்கான ஆதாரம் இன்னும் பலவீனம். வயிறு வலிக்கும் நாளில் குறைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

ஆரம்பிக்கும் முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும், கூடவே ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் இரண்டாவது செட்டிலேயே மூச்சு வாங்கும், தலை சுற்றும். அதைச் சோம்பல் என்று நினைத்து இன்னும் வலிந்து செய்வார்கள். கர்ப்பமாக இருந்தாலோ, பிரசவமாகி ஆறு மாதத்துக்குள் என்றாலோ, தும்மும்போதும் தூக்கும்போதும் சிறுநீர் கசிந்தாலோ முதலில் மகப்பேறு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். சித்திரை வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடித் தகரக் கூரை ஜிம்மில் 11 மணி லேடீஸ் பேட்ச் என்றால் அந்த இரண்டு மாதம் மட்டும் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், தண்ணீர் பாட்டிலோடு போங்கள். முதல் வார ஆர்வத்தில் அளவுக்கு மீறிச் செய்து, தசை வலி தாங்க முடியாமல் வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அது சாதாரண வலி இல்லை. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.